புத்தகமா, புத்தகத்தையா? ஆங்கில இலக்கணக் கேள்வி பதில்

வந்திருக்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில் போய் முட்டுகின்றன. தமிழில் ஒரு விகுதியோ உருபோ சத்தமில்லாமல் செய்துவிடும் வேலையை ஆங்கிலத்தில் எது செய்கிறது? வாய்விட்டுப் படிக்க வசதியாக ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன்.

கேள்வி: சார், 'அ' (a) எங்கே போடுவது, 'த' (the) எங்கே போடுவது என்று எத்தனை தடவை படித்தாலும் மண்டையில் நிற்க மாட்டேன் என்கிறது. குறுக்குவழி ஏதாவது?

பதில்: ஒன்று இருக்கிறது, பாதித் தூரம் கொண்டுபோய் விடும். "புத்தகம் வாங்கினேன்", "புத்தகத்தை வாங்கினேன்" இரண்டையும் சொல்லிப் பாருங்கள். முதலாவது ஏதோ ஒரு புத்தகம்: ஐ பாட் அ புக். இரண்டாவது, நாம் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்த அந்தப் புத்தகம்: ஐ பாட் த புக். இரண்டாம் வேற்றுமை உருபான 'ஐ' தமிழில் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் இடத்தில் 'த' போட்டுப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் 'அ'. வீட்டுச் சாவி காணாமல் போனால் "சாவியைத் தேடுறேன்" என்றுதான் வாயில் வரும், "சாவி தேடுறேன்" என்று வராது. அதனால் ஐ ஆம் லுக்கிங் ஃபார் த கீ.

எங்கே கவிழும்? முதலில், ஆட்களிடம். உயர்திணைக்குத் தமிழ் பொதுவாக 'ஐ' சேர்க்கும்: "ஒரு டாக்டரைப் பார்த்தேன்". அங்கே 'ஒரு' என்பதற்குத்தான் மரியாதை: ஐ சா அ டாக்டர். இரண்டாவது, எண்ண முடியாத பொருள்கள். "அரிசி வாங்கினேன்" என்றால் ஐ பாட் ரைஸ். அ ரைஸ் கிடையாது. மூன்றாவது, எழுவாயில் உருபே கிடையாது என்பதால் இந்தச் சோதனை அங்கே செல்லாது. அங்கே "நான் சொல்வது எந்தப் புத்தகம் என்பது எதிரில் இருப்பவருக்குத் தெரியுமா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். தெரியும் என்றால் 'த'.

கேள்வி: யுனிவர்சிட்டிக்கு முன்னால் 'ஆன்' (an) போட்டேன், ஆசிரியர் அடித்துவிட்டார். எம்.எல்.ஏ.வுக்கு 'அ' போட்டேன், அதையும் அடித்துவிட்டார்.

பதில்: எழுத்தைப் பார்க்காதீர்கள், முதல் ஒலியைக் கேளுங்கள். ஓர் ஆண்டு, ஒரு மாதம் என்று எழுதுகிறோமே, அதே கணக்கு. சொல்லைத் தமிழில் எழுதினால் விடை தெரிந்துவிடும். யுனிவர்சிட்டி 'யு'வில் தொடங்குகிறது, உயிர்மெய்: அ யுனிவர்சிட்டி. எம்.எல்.ஏ. 'எ'யில் தொடங்குகிறது, உயிர்: ஆன் எம்.எல்.ஏ. ஹவர் என்று எழுதினாலும் அந்த 'ஹ' வாயில் வராது, ஒலி 'அவர்'தான்: ஆன் அவர்.

இதிலும் இரண்டு பொறிகள். நாம் 'ஒன்' என்று எழுதும் சொல்லின் ஆங்கில ஒலி 'வன்'. ஆகவே அ ஒன்டே மேட்ச். அடுத்தது, பேச்சில் எகரத்துக்கு முன் ஒரு யகரத்தைச் சேர்க்கும் நம் பழக்கம். "யெம்மெல்லே" என்று உச்சரிப்பவர் காதுக்கு 'அ' சரியாகத்தான் படும். உங்களுக்கு நடந்தது அதுவாக இருக்கலாம்.

கேள்வி: "ஐ ஹேவ் சென்ட் த ஃபைல் யெஸ்டர்டே" என்று மெயில் போட்டேன். மேலாளர் திருத்தினார். "நேத்தே அனுப்பியிருக்கேன்" என்று தமிழில் சொல்கிறோமே?

பதில்: சொல்கிறோம், தவறே இல்லை. 'அனுப்பியிருக்கிறேன்' என்பதோடு 'நேற்று' சேர்வதைத் தமிழ் தடுப்பதில்லை. ஆங்கிலம் தடுக்கும். ஹேவ் வந்தால் கதை இன்னும் 'இப்போது' என்பதோடு கட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். யெஸ்டர்டே, லாஸ்ட் வீக், டூ டேஸ் அகோ, இன் 2019 மாதிரி முடிந்துபோன நேரத்தைச் சொன்ன உடனே அந்தக் கட்டு அறுந்துவிடும். எனவே இரண்டில் ஒன்றை எடுத்துவிடுங்கள். எப்போது என்பது முக்கியம் என்றால் ஐ சென்ட் த ஃபைல் யெஸ்டர்டே. கையில் வந்து சேர்ந்ததா என்பதுதான் முக்கியம் என்றால் ஐ ஹேவ் சென்ட் த ஃபைல்.

திஸ் மார்னிங் கொஞ்சம் வழுக்கும். காலை பத்து மணிக்குக் கேட்டால் ஹேவ் யூ சீன் ஹிம் திஸ் மார்னிங்? காலை இன்னும் முடியவில்லை. மாலையில் கேட்டால் டிட் யூ சீ ஹிம் திஸ் மார்னிங்? இன்னொன்று: அமெரிக்கர்கள் ஆல்ரெடி, ஜஸ்ட் இவற்றோடுகூட டிட் யூ ஈட் ஆல்ரெடி? என்று பேசுவார்கள். அது அவர்கள் வழக்கு, குழம்ப வேண்டாம்.

கேள்வி: நேர்முகத் தேர்வில் "ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்" என்று சொன்னேன். சரியா என்று தோழியைக் கேட்டால் சிரிக்கிறாள்.

பதில்: அதில் இரண்டு பிழை. "அஞ்சு வருஷமா வேலை பார்க்கிறேன்" என்பதில் தமிழுக்கு வெறும் நிகழ்காலமே போதும். எப்போதோ தொடங்கி இன்றுவரை ஓடுவதற்கு ஆங்கிலம் ஹேவ் பீன் கேட்கும். அடுத்தது சின்ஸ். இதற்குத் தமிழிலேயே விடை இருக்கிறது: 'இலிருந்து' வந்தால் சின்ஸ், 'ஆக' வந்தால் ஃபார். 2019இலிருந்து என்றால் சின்ஸ் 2019. ஐந்து வருடமாக என்றால் ஃபார் ஃபைவ் இயர்ஸ். ஆக, ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்.

லீவ் லெட்டரில் வரும் "ஐ ஆம் ஹேவிங் ஃபீவர் ஃப்ரம் யெஸ்டர்டே"யும் இதே ரகம். ஐ ஹேவ் ஹேட் ஃபீவர் சின்ஸ் யெஸ்டர்டே என்று எழுதுங்கள். தொடக்கமும் முடிவும் இரண்டும் இருந்தால் ஃப்ரம்: ஃப்ரம் நைன் டு ஃபைவ்.

கேள்வி: "டிட் நாட் வென்ட்" ஏன் தப்பு? நடந்து முடிந்த விஷயம்தானே!

பதில்: 'போனவில்லை' என்று சொல்வீர்களா? 'போகவில்லை' என்றுதானே. அதேதான் டிட் நாட் கோ. டிட் வந்துவிட்டால் காலத்தை அது சுமந்துகொள்ளும். டிட் யூ கோ? என்ற கேள்விக்கும் இதுவே.

கேள்வி: ஐ டோண்ட் நோ வேர் இஸ் ஹி?

பதில்: ஐ டோண்ட் நோ வேர் ஹி இஸ். "அவர் எங்கே இருக்கிறார்?" என்பதோடு 'என்று தெரியவில்லை' சேர்த்தால் தமிழில் உள்ளே எதுவும் அசையாது; அதனால்தான் நாம் ஆங்கிலக் கேள்வியையும் அப்படியே தூக்கி உள்ளே வைத்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் கேள்வி உள்ளே போனதும் சாதாரண வாக்கிய வரிசைக்குத் திரும்ப வேண்டும். வாட் டஸ் ஹி வான்ட்? என்பது ஐ டோண்ட் நோ வாட் ஹி வான்ட்ஸ் ஆகும். டஸ் போய்விட்டது, அது வைத்திருந்த 'ஸ்' வினைச்சொல்லுக்கே திரும்பி வந்ததைக் கவனியுங்கள். ஹூ கேம்? மாதிரி கேள்விச் சொல்லே எழுவாயாக இருந்தால் மாற்றமே இல்லை: ஐ டோண்ட் நோ ஹூ கேம்.

கேள்வி: 'எத்தனையாவது' என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன?

பதில்: ஒற்றைச் சொல் கிடையாது. தமிழ் இதில் வசதியான மொழி. அப்துல் கலாம் எத்தனையாவது குடியரசுத் தலைவர் என்று கேட்க, ஹவ் மெனி பிரெசிடென்ட்ஸ் டிட் இந்தியா ஹேவ் பிஃபோர் கலாம்? என்று சுற்றித்தான் வர வேண்டும். பத்துப் பேர் என்று பதில் வந்தால் அவர் பதினோராவது. பேச்சில் வாட் நம்பர் பிரெசிடென்ட் வாஸ் ஹி? என்று கேட்டாலும் புரியும்.

கேள்வி: எல்லாவற்றுக்கும் கடைசியில் 'இஸின்ட் இட்' போடலாமா?

பதில்: தமிழின் 'இல்லையா' எதோடும் ஒட்டும், இது ஒட்டாது. யூ ஆர் கமிங், ஆரின்ட் யூ? ஹி வென்ட், டிடின்ட் ஹி? அவசரத்துக்கு ரைட்? போதும், பேச்சில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

கேள்வி: டிஸ்கஸ் அபவுட் கூடாதாமே?

பதில்: கூடாது. 'பற்றி' என்ற பொருள் டிஸ்கஸ் என்ற சொல்லுக்குள்ளேயே இருக்கிறது: லெட்டஸ் டிஸ்கஸ் த சாலரி. மென்ஷன், டிஸ்கிரைப் இரண்டுக்கும் இதே விதி. ஆனால் டிஸ்கஷன் என்று பெயர்ச்சொல் ஆகிவிட்டால் அபவுட் வரலாம்: அ டிஸ்கஷன் அபவுட் த சாலரி. எக்ஸ்பிளெய்ன் இதற்குத் தலைகீழ். எக்ஸ்பிளெய்ன் மி என்று நிறுத்திவிடுகிறோம். அங்கே ஒரு 'டு' வேண்டும், எக்ஸ்பிளெய்ன் இட் டு மி.