குரோமில் 'பாதுகாப்பற்ற உள்ளடக்கம்' என்று தடுப்பதை மொத்தமாக நிறுத்துவது எப்படி?

நேற்று வரை ஓடிய ஆபீஸ் சாஃப்ட்வேர் இன்று திறக்கிறது, ஆனால் ஒரு கட்டம் மட்டும் காலியாக நிற்கிறது, முதலாளி பக்கத்தில் நின்று "இன்னும் ஆகலையா" என்கிறார். உங்கள் நிலைமை இதுதான் என்று நினைக்கிறேன். கேள்வியில் 'மொத்தமாக' என்று ஒரு வார்த்தை போட்டிருக்கிறீர்களே, அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். அந்த வார்த்தையில் அடிபட்டவன் நான்.

வழியை முதலில் சொல்லிவிடுகிறேன், அவசரக்காரர்கள் எடுத்துக்கொண்டு போகட்டும். முகவரிக்கு இடதுபக்கம் இருக்கும் படத்தை அழுத்துங்கள். முன்பு பூட்டுப் படம் இருந்தது. 2023 செப்டம்பரில் வந்த குரோம் 117 முதல் இரண்டு கோடு, இரண்டு வட்டம் போட்ட படம். அதில் சைட் செட்டிங்ஸ் போய், கீழே வரை இறங்கி, 'இன்செக்யூர் கன்டென்ட்' என்பதை அலவ் என்று மாற்றிவிட்டுப் பக்கத்தை மறுபடி திறக்க வேண்டும். எட்ஜிலும் ஏறக்குறைய இதேதான். பயர்பாக்ஸில் பூட்டுப் படம் வழியாகத் தற்காலிகமாக மட்டும் விடலாம். இது அந்த ஒரு தளத்துக்கு மட்டும். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஏன் என்றால், என் தாய்மாமாவுக்குத் திருப்பூரில் கம்பேக்டிங் யூனிட். சாயம் போட்டு வந்த துணியை அகலமும் சுருக்கமும் சரிசெய்து ரோலாகச் சுற்றி அனுப்புகிற ஜாப் ஒர்க். கூலி கிலோ கணக்கு என்பதால் எடைதான் அங்கே காசு. எடை மெஷினிலிருந்து ஒரு சின்னப் பெட்டிக்கு ஒயர் போகும், அந்தப் பெட்டி ஆபீஸ் நெட்வொர்க்கில் 192.168 என்று தொடங்கும் ஒரு முகவரியில் எடையைக் காட்டும், டிசி (சரக்கோடு போகும் டெலிவரி சலான்) போடுகிற சாஃப்ட்வேர் அதை எடுத்துக் கட்டத்தில் நிரப்பும். ரோலைத் தூக்கி வைத்தால் எண்ணும் வாலில் 'கேஜி'யுமாக வந்து நிற்கும். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

ஒரு திங்கட்கிழமை சாஃப்ட்வேர்காரர்கள் தங்கள் தளத்தை எச்டிடிபிஎஸ்-க்கு, அதாவது வழியில் யாரும் படிக்கவோ மாற்றவோ முடியாதபடி பூட்டிய வழிக்கு, மாற்றினார்கள். மாற்றியது சரிதான், எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதுதான் கோபம். பக்கம் பாதுகாப்பான வழியில் வருகிறது, எடைப் பெட்டி இன்னும் பூட்டு இல்லாத பழைய எச்டிடிபி-யில் பேசுகிறது. இரண்டும் கலப்பதால் பிரவுசர் மறித்துவிட்டது. "மாப்ளே, எடை வரமாட்டீங்குது, சித்தெ வந்து பாத்துட்டுப் போயேன்" என்று மாமா போன்.

மறிப்பதற்குக் காரணம் இருக்கிறது. கணக்குப் போட்டு, சீல் வைத்து லாரியில் வரும் சரக்கில் ஒரு ரோலை மட்டும் முகம் தெரியாத டெம்போவில் தனியாக ஏற்றி அனுப்பினால், வழியில் எவன் மாற்றினான் என்று யாருக்குத் தெரியும்? வருவது வெறும் படம் என்றால் தப்பான படம் தெரியும், அவ்வளவுதான். ஸ்கிரிப்ட், அதாவது பக்கத்துக்குள் ஓடும் புரோகிராம் என்றால், அந்தப் பக்கத்தில் நீங்கள் அடிக்கும் பாஸ்வேர்டு வரை அதன் கைக்குப் போகும். அதனால்தான் பயர்பாக்ஸ் 2013 ஆகஸ்டில் வந்த 23-ஆம் பதிப்பிலேயே இந்த இரண்டாவது வகையைத் தானாகத் தடுக்க ஆரம்பித்துவிட்டது.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாது. பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் கஸ்டம் லெவல் போய் ஒரு தடவை எனேபிள் வைத்தால் பிறகு கேள்வியே வராது. அந்தப் பழக்கத்தில் டெஸ்க்டாப்பில் இருந்த குரோம் ஐகானின் ப்ராப்பர்ட்டீஸில் ஒரு நீளமான கட்டளையை வாலாக ஒட்டி, எந்தத் தளத்துக்கும் தடையில்லாமல் திறந்துவிட்டேன். எடை வந்தது. மாமா தட்டிக்கொடுத்தார். பத்து நாள் கழித்துப் போனால், கணக்குப் பார்க்கும் அக்கா அதே ஐகானில் பேங்கைத் திறந்து வைத்து ஓடிபி அடித்துக்கொண்டிருக்கிறார். "ஏனுங் தம்பி, இப்படி முழிக்கிறீங்க?" என்றார். பணம் ஒன்றும் போகவில்லை. ஆனால் அன்று கொடுத்த காபி எனக்கு இறங்கவில்லை. வாலை வெட்டிவிட்டு, மேலே சொன்ன மாதிரி ஒரு தளத்துக்கு மட்டும் விட்டேன்.

அதுவும் நிலைக்கவில்லை. மாமா பையன் "சிஸ்டம் ஸ்லோ" என்று ஹிஸ்டரியை அழிக்கும்போது அட்வான்ஸ்டு பக்கத்தில் உள்ள அத்தனை கட்டத்திலும் டிக் போட்டுவிட்டான். சைட் செட்டிங்ஸும் சேர்ந்து போய்விட்டது. அன்று சனிக்கிழமை, சம்பள நாள். வாசலில் துணி கொடுத்த பார்ட்டியின் வண்டி ஹாரன் அடிக்கிறது. வேறு வழியில்லாமல் எடையைக் கையால் எழுதினார்கள். ஒரு ரோலில் 24.6 என்பது 26.4 ஆகிவிட்டது. பார்ட்டி திருப்பி எடை போட்டுப் பார்த்து, அந்த ஒரு ரோலைப் பிடித்துக்கொண்டு மொத்த டிசியையும் சந்தேகப்பட்டு பில்லில் கழித்தார். பழி என் தலையில்.

இதை மட்டும் சொல்லிவிடுகிறேன், தலைப்புக்குச் சம்பந்தம் இல்லைதான். சொந்தத்தில் ஒருவன் கம்ப்யூட்டர் படித்துவிட்டால் அவன் நேரத்துக்கு விலை கிடையாது. காதுகுத்துப் பத்திரிகை டிசைன், பிரிண்டர் ரிப்பேர், இஎம்ஐ கணக்கு எல்லாம் "நம்ம பையன்தானே". வெளியாள் வந்து கேபிளைப் பிடுங்கி மாட்டினால் 500 ரூபாயும் டீயும். எனக்கு அரிசிம்பருப்புச் சாதம். சாதம் நன்றாகத்தான் இருக்கும், அத்தை கையால் செய்தது. அது வேறு.

கடைசியில் நின்றது இதுதான். அந்தப் பெட்டியைத் தூக்கிவிட்டு எடை மெஷின் ஒயரை டிசி போடும் கம்ப்யூட்டரிலேயே செருகினேன். எடையைப் படிக்கும் சின்ன புரோகிராம் அதே கம்ப்யூட்டரில் ஓடுகிறது, முகவரி 127.0.0.1. அதே மெஷினுக்குள் பேசுவதைக் குரோமும் பயர்பாக்ஸும் கலப்பு என்று மறிப்பதில்லை. சாஃப்ட்வேரில் ஒரே ஒரு வரி மாற்ற வேண்டும். அதற்கு ஒரு மாதம் கெஞ்சினேன். வருடா வருடம் ஏஎம்சி என்று பராமரிப்புக் காசு வாங்குகிறவர்கள் வாட்ஸ்அப்பில் கட்டைவிரலை மட்டும் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

பெரிய ஐடி கம்பெனியில் இருப்பவர்கள் "பெட்டிக்கே எச்டிடிபிஎஸ் சர்டிபிகேட் போட்டிருக்கலாமே" என்று சண்டைக்கு வர வேண்டாம். போட்டிருக்கலாம். அந்தப் பெட்டியில் அதற்கு இடமே இல்லை. தடுக்கப்படுவது உங்கள் சொந்தத் தளத்தின் படமோ ஸ்கிரிப்டோ என்றால் கதையே வேறு: பிரவுசரைத் தொடாதீர்கள், தளத்தில் பழைய எச்டிடிபி முகவரிகளைத் தேடி மாற்றுங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு தரும் சர்டிபிகேட் இலவசம்தான்.

நீங்கள் இப்போது எஃப்12 அழுத்தி கன்சோலைப் பாருங்கள். சிவப்பில் 'மிக்ஸ்டு கன்டென்ட்' என்று ஒரு வரி இருக்கும், அதன் நடுவில் எச்டிடிபி என்று தொடங்கும் முகவரி ஒன்று. அது 192.168 என்று போகிறதா, இல்லை ஊர் பேர் உள்ள தளமா என்று மட்டும் சொல்லுங்கள். முழு ஸ்கிரீன்ஷாட் போட வேண்டாம், பார்ட்டி பெயரெல்லாம் தெரியும்.