பிளேட்டால வெட்டியும் திரும்ப வாற கால் ஆணி

அண்ணை, சின்னவிரலில வெட்டின ஆணி மாதத்துக்குள்ள திரும்ப வருது எண்டு எழுதியிருந்தீங்கள். ஆணிக்கு வேர் இல்லை. செருப்பு வார் அழுத்தித் தோல் தடிக்க, நடுவில அரிசிக்குறுணி மாதிரி ஒரு கூர் உள்ளுக்கு இறங்கும். அழுத்தம் இருக்கும்வரை அது வரும். முதல்ல செருப்பை மாத்துங்கோ.

இளஞ்சூட்டுத் தண்ணியில 10 நிமிசம் ஊறவைச்சு, நுரைக்கல்லால மெல்லத் தேயுங்கோ. வயலுக்கு இறங்காத நாளாய்ப் பார்த்து, 40% சலிசிலிக் அமிலப் பிளாஸ்டரை ஆணியின்ர அளவுக்கே வெட்டி ஒட்டுங்கோ. பெரிசாய் ஒட்டினா நல்ல தோல் வெந்துபோம். 48 மணித்தியாலத்தால கழட்டி, வெள்ளையாய் ஊறின தோலைத் தேச்செடுங்கோ. தேவையெண்டா புதுசு ஒட்டலாம், ஆனா மொத்தம் 14 நாளுக்கு மேல வேண்டாம்.

பிளேட்டைத் தொடாதேங்கோ, சேத்துக்க நிக்கிற கால், வெட்டுப்பட்டா கிருமி ஏறும். சலரோகம் (நீரிழிவு) இருந்தா பிளாஸ்டரும் கூடாது. கிளிநொச்சி ஆஸ்பத்திரியில காட்டுங்கோ.