ஐந்து மில்லி என்றால் எத்தனை மில்லிகிராம்?

கேள்வி: என் மகனுக்கு இரண்டு வயது, 12 கிலோ இருக்கிறான். போன மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தபோது டாக்டர் பாராசிட்டமால் சிரப் 5 மில்லி கொடுக்கச் சொன்னார். இந்த முறை கடையில் அதே பெயரைச் சொல்லி வாங்கி, அதே 5 மில்லியை ஒரே நாளில் மூன்று வேளை கொடுத்துவிட்டேன். அப்புறம்தான் பெட்டியில் 250 என்று போட்டிருப்பதைப் பார்த்தேன். பழைய பாட்டிலில் 125 என்று இருக்கிறது. தப்பு செய்துவிட்டேனா?
— திருப்பூர் வாசகி

பதில்: அந்த எண்ணைக் கவனித்தீர்களே, அதுவே பெரிய விஷயம். முதலில் உங்கள் பையன் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

பாராசிட்டமால் ஒரு வேளைக்கு, குழந்தையின் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 10 முதல் 15 மில்லிகிராம். உங்கள் பையனுக்கு 120 முதல் 180 மில்லிகிராம் வரை வருகிறது. பழைய பாட்டிலில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் இருந்ததால் டாக்டர் சொன்ன அளவு சரியாகப் பொருந்தியது. புது பாட்டிலில் அதே 5 மில்லியில் 250 மில்லிகிராம். அதாவது ஒவ்வொரு வேளையும் 180 என்ற மேல் எல்லையைவிட 70 மில்லிகிராம் கூடுதலாகப் போயிருக்கிறது. மூன்று வேளைக்கு 750. ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 60 மில்லிகிராமைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது, அந்தக் கணக்கில் 720-தான் எல்லை. கொஞ்சம் தாண்டியிருக்கிறது.

இது அந்த ஒரு நாளோடு நின்றிருந்தால் பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்லை. இருந்தாலும் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இரண்டு மூன்று நாள் இப்படியே கொடுத்திருந்தாலோ, பையன் வாந்தி எடுத்தாலோ, சாப்பிட மறுத்துத் துவண்டு கிடந்தாலோ பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பாராசிட்டமால் அளவு மீறினால் அடிபடுவது ஈரல். முதல் நாளில் வெளியே ஒன்றும் தெரியாமலேயே இருக்கலாம். அந்த நச்சை முறிக்கும் மருந்து இருக்கிறது, ஆனால் அதைச் சீக்கிரம் கொடுத்தால்தான் முழுப் பலன்.

இந்தக் குழப்பம் உங்களுக்கு மட்டும் வருவதில்லை. நம் கடைகளில் ஒரே பெயரில் 5 மில்லிக்கு 120 அல்லது 125 மில்லிகிராம் உள்ள சிரப், 250 உள்ள சிரப், அப்புறம் கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்து என்று மூன்று வகை அடுத்தடுத்து நிற்கின்றன. நான் அதிகம் பயப்படுவது அந்தச் சொட்டு மருந்துக்குத்தான். பச்சைக்குழந்தைக்கு உரியது, அதனால் வீரியம் குறைவாக இருக்கும் என்று நினைக்கிறோம். நேர்மாறு. கைக்குழந்தை துளித்துளியாகத்தான் விழுங்கும் என்பதால் அதை அடர்த்தியாகத் தயாரிக்கிறார்கள். பொதுவாக 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம். அதை சிரப் என்று நினைத்து 5 மில்லி ஊற்றினால் 500 மில்லிகிராம், பெரியவர்கள் போடும் ஒரு முழு மாத்திரை. உங்கள் பையனுக்கு அந்த மருந்தில் 1.2 முதல் 1.8 மில்லியே போதும். 250 சிரப் என்றால் 2.4 முதல் 3.6 மில்லி.

அதனால் டாக்டர் "5 மில்லி" என்று சொன்னால், "எத்தனை மில்லிகிராம் சிரப்பில் டாக்டர்?" என்று கேட்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். கடைக்காரரிடமும் எண்ணைச் சேர்த்தே கேளுங்கள். அவர் வேறு எண்ணை எடுத்து நீட்டி, "இதுவும் அதேதான்" என்றால் வாங்காதீர்கள்.

அளப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டு டீ ஸ்பூன்களில் தண்ணீர் ஊற்றி, ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சி அளந்து பார்த்தேன். ஒன்றில் 3 மில்லி பிடித்தது, இன்னொன்றில் 7. சங்கிலும் பாலாடையிலும் கோடே கிடையாது. மருந்தை அவற்றில் புகட்டலாம், அளப்பது மட்டும் பாட்டிலோடு வந்த மூடியிலோ பில்லரிலோ இருக்கட்டும். கடையில் 5 மில்லி சிரிஞ்சை ஊசி இல்லாமல் கேட்டால் சில ரூபாய்க்குக் கொடுப்பார்கள். 2.4 மில்லியை மூடியில் அளக்க முடியாது, சிரிஞ்சில் முடியும். அளக்கும் முன் பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள். மருந்து அடியில் தங்கிவிட்டால் மேலே ஊற்றுவது நீர்த்தும் கடைசி வேளை கெட்டியாகவும் போகும்.

எடை தெரியாவிட்டால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் நில்லுங்கள், பிறகு தனியாக நின்று கழித்துக்கொள்ளுங்கள். வயதை வைத்துக் கொடுப்பதை நான் ஏற்க மாட்டேன். இரண்டு வயதில் 9 கிலோ குழந்தையும் உண்டு, 14 கிலோ குழந்தையும் உண்டு.

கேள்வி: மூன்று வயது மகளுக்குச் சளிக்கு ஒரு சிரப், காய்ச்சலுக்கு ஒரு சிரப் சேர்த்துக் கொடுக்கிறேன். சரியா?
— நாமக்கல் வாசகர்

பதில்: சளி சிரப்பை நிறுத்துங்கள். அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் உள்ள மருந்துப் பெயர்களை செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். சளி சிரப் பலவற்றில் பாராசிட்டமாலும் கலந்திருக்கும். காய்ச்சல் சிரப்போடு சேர்ந்தால் ஒரே மருந்து இரண்டு முறை போகிறது. சளி சிரப்பில் வரும் குளோர்ஃபெனிரமின், ஃபினைலெஃப்ரின் என்ற மருந்துகள் இரண்டும் கலந்த சிரப்பை நான்கு வயதுக்குக் கீழே கொடுக்கக்கூடாது என்று லேபிளில் போடும்படி மத்திய மருந்துக் கட்டுப்பாட்டாளர் 2023 டிசம்பரில் உத்தரவிட்டார். மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகள் இறந்தார்களே, அந்த கோல்ட்ரிஃப்பும் பாராசிட்டமாலோடு இவை இரண்டும் கலந்த சிரப்தான். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் டைஎதிலின் கிளைக்கால் என்ற நச்சு இருப்பதை 2025 அக்டோபரில் தமிழ்நாட்டு ஆய்வகம் கண்டுபிடித்தது. நச்சு கலந்திருப்பதை வீட்டில் நாம் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் பில்லும் பேட்ச் எண்ணும் கையில் இருந்தால், எச்சரிக்கை வரும்போது நம் வீட்டு பாட்டில் அதில் சேருமா என்று பார்க்கலாம். 40 ரூபாய் மருந்தானாலும் பில் கேளுங்கள். தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கேள்வி: காய்ச்சல் விடவில்லை என்றதும் கடைக்காரர் இரண்டு மருந்து கலந்த சிரப் கொடுத்தார். சீக்கிரம் கேட்குமாம். கொடுக்கலாமா?
— சென்னை வாசகி

பதில்: டாக்டர் பார்க்காமல் வேண்டாம். அந்த இரண்டாவது மருந்து பெரும்பாலும் ஐபுப்ரோஃபென் அல்லது மெஃபினமிக் அமிலமாக இருக்கும். காய்ச்சல் டெங்குவாக இருந்தால் இவை ரத்தக்கசிவை அதிகமாக்கலாம். வாந்தி பேதியில் நீர் வற்றிய குழந்தைக்குச் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம். நம் ஊரில் மழைக்காலக் காய்ச்சல் எதுவானாலும் டெங்கு இல்லை என்று தெரியும்வரை பாராசிட்டமால் மட்டும்தான். ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கூடவே கூடாது. நிமெசுலைடு 12 வயதுக்குக் கீழே 2011 முதல் தடை செய்யப்பட்டது, யார் கொடுத்தாலும் திருப்பிக் கொடுங்கள்.

பாராசிட்டமால் வேலை செய்ய அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். காய்ச்சலை முழுதாக இறக்காது, ஒன்றிரண்டு டிகிரி குறைக்கும். குழந்தை எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டால் மருந்து கேட்கிறது என்று அர்த்தம். குறையவில்லையே என்று இரண்டு மணி நேரத்தில் மறுபடி ஊற்றாதீர்கள். வேளைக்கு வேளை குறைந்தது நான்கு மணி நேரம், ஆறு என்றால் இன்னும் நல்லது. 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். பாட்டியும் அம்மாவும் மாறி மாறிக் கொடுக்கும் வீடுகளில் கொடுத்த நேரத்தை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். காய்ச்சல் மூன்றாம் நாளும் தொடர்ந்தால் ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். மூன்று மாதம் ஆகாத குழந்தைக்கு 100.4 டிகிரி தொட்டாலே மருத்துவமனைதான், வீட்டு மருந்து கிடையாது.

கேள்வி: சிரப் தீர்ந்துவிட்டால் எங்கள் மாத்திரையைப் பாதியாக உடைத்துத் தேனில் குழைத்துக் கொடுக்கலாமா?
— தஞ்சாவூர் வாசகர்

பதில்: வேண்டாம். 650 மாத்திரையில் பாதி என்றாலே 325 மில்லிகிராம், அதுவும் கையால் உடைத்தால் இரண்டு பாதியும் சமமாக இருக்காது. ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தேனே கொடுக்கக்கூடாது. ராத்திரியில் சிரப் இல்லாமல் தவித்தால் 104-க்குப் போன் செய்து எடையைச் சொல்லிக் கேளுங்கள்.