ஜிக்கும் மர லூரும் கையால் செய்வது: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, தூண்டிலில் மாட்டும் போலி இரை எதையும் நான் இதுவரை செய்து பார்த்ததில்லை. ஈயத்தில் ஜிக் (முள்ளோடு சேர்த்துத் தலை வார்த்த இரை) வார்ப்பதிலிருந்து தொடங்கலாமா, மரத்தில் லூர் (சிறுமீன் வடிவ இரை) செதுக்குவதிலிருந்து தொடங்கலாமா?

பதில்: இரண்டுமே பிறகு இருக்கட்டும். தூண்டில் முள்ளும் ஈயத் தலையும் மட்டும் உள்ள ஜிக்குகளை வாங்கி, அவற்றில் மயிரும் இறகும் கட்டிப் பழகுங்கள். நூல், கத்தரிக்கோல், வார்னிஷ், முள்ளைப் பிடித்து நிறுத்த ஒரு சிறு பட்டறைப் பிடி, இவ்வளவுதான் தேவை. புதிதாகக் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் மயிரை அள்ளி வைத்துக் கட்டிவிடுகிறார்கள். கையில் பார்க்க அது செழிப்பாகத் தெரியும், ஆனால் தண்ணீரில் நனைந்ததும் ஒரே கட்டையாக ஒட்டிக்கொண்டு அசையாது. சிறிய ஜிக்குக்குத் தீக்குச்சிப் பருமனுள்ள கற்றை ஒன்று போதும். கட்டியதை ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் மெல்ல ஏற்றி இறக்கிப் பாருங்கள்: ஏற்றும்போது மயிர் ஒடுங்கி, நிறுத்தியதும் விரிய வேண்டும். அந்த விரிவைக் கண்டுதான் மீன் பெரும்பாலும் வாய் வைக்கும்.

கேள்வி: வீட்டுச் சமையலறையில் ஈயம் உருக்கலாமா? சன்னலைத் திறந்து வைத்தால் போதாதா?

பதில்: கூடாது. போதவும் போதாது. ஈயம் 327 டிகிரி செல்சியசில் உருகிவிடுகிறது என்பதால் இது எளிய வேலை என்று தோன்றும். ஆபத்து புகையில் மட்டும் இல்லை. மேலே மிதக்கும் கசடும், அதை வழிக்கும்போது பறக்கும் நுண்ணிய தூசியும் மேசையிலும் கையிலும் படிந்து, சாப்பாட்டோடு உடம்புக்குள் போய்விடும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை மிகக் குறைந்த அளவு ஈயமும் பாதிக்கும். ஆகவே திறந்த வெளியில், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று, இதற்கென்றே ஒதுக்கிய பாத்திரத்தில் உருக்குங்கள். அந்தப் பாத்திரம் மறுபடி அடுப்பங்கரைக்குள் வரக்கூடாது. வேலை முடிந்ததும் உடுத்திய துணியைத் தனியாகத் துவையுங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்தப் பக்கமே வர வேண்டாம்.

இதைவிடச் சட்டென்று வரும் ஆபத்து ஈரம். ஒருமுறை நான் முட்களைக் கழுவிவிட்டு, துடைத்தாயிற்று என்று நம்பி அச்சில் வைத்து ஊற்றினேன். முள்ளின் வளையத்துக்குள் ஒரு துளித் தண்ணீர் தங்கியிருந்திருக்கிறது. அது நொடியில் ஆவியாகி, உருகிய ஈயத்தை அச்சின் வாயிலிருந்து என் முகத்துக்கு நேராகத் தெறிக்க வைத்தது. முகக் கவசம் அணிந்திருந்ததால் கண் பிழைத்தது. அன்றிலிருந்து அச்சு, முள், கரண்டி, சேர்க்கும் ஈயத் துண்டு ஆகிய அனைத்தையும் சூடாக்கி உலர்த்திய பிறகே தொடுகிறேன்.

கேள்வி: நான் வார்க்கும் ஜிக் தலைகளில் சுருக்கம் விழுகிறது, சில பாதிதான் நிரம்புகின்றன.

பதில்: அச்சு குளிர்ந்திருக்கிறது. முதல் நான்கைந்து வார்ப்புகளை அச்சைச் சூடேற்றுவதற்கென்றே ஊற்றி, அவற்றைத் திரும்ப உருக்கிக்கொள்ளுங்கள். மெழுகுவத்திச் சுடரில் அச்சின் குழிகளைக் காட்டி மெல்லிய கரி படிய வைத்தால் ஈயம் தடையின்றி ஓடும். அப்படியும் சரியாகாவிட்டால், பழைய ஈயத்தோடு துத்தநாகம் கலந்துவிட்டதா என்று பாருங்கள். சிறிதளவு கலந்தாலும் வார்ப்பு கெட்டுவிடும்.

கேள்வி: ஈயமே இல்லாமல் ஜிக் வார்க்க வழி உண்டா?

பதில்: உண்டு, நான் இப்போது அதைத்தான் விரும்புகிறேன். நீர்ப்பறவைகள் ஈயக் குண்டுகளை விழுங்கி இறப்பதால், பிரிட்டனில் சிறிய ஈய எடைகளின் விற்பனைக்கு 1987 முதலே தடை இருக்கிறது. 58 பங்கு பிஸ்மத் என்ற உலோகமும் 42 பங்கு வெள்ளீயமும் சேர்ந்த கலவை ஏறத்தாழ 138 டிகிரியிலேயே உருகும்; சிலிக்கோன் அச்சே அதற்குப் போதும். இரண்டு விஷயங்களை மட்டும் நினைவில் வையுங்கள். அடர்த்தி குறைவென்பதால், ஈயத்தில் 10 கிராம் வரும் அச்சில் இது சுமார் 7.5 கிராம்தான் வரும். அடுத்து, தூள் வண்ணத்தைச் சுட்டு இறுக வைக்கும் அடுப்பின் சூடு வழக்கமாக 175 டிகிரி அளவில் இருக்கும். அதில் இந்தத் தலைகளை வைத்தால் வண்ணம் இறுகும் முன்பே தலை உருகிச் சொட்டிவிடும். இவற்றுக்கு எனாமல் பூசிக் காற்றிலேயே உலர விடுங்கள்.

கேள்வி: பால்சா என்ற மிக லேசான மரத்தில் ஒரு லூர் செய்தேன். இழுத்தால் நெளியாமல் பக்கவாட்டில் கவிழ்ந்து சுழல்கிறது. அடுத்ததையும் அப்படியே செய்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: பயப்பட வேண்டாம், காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான். முதலாவது, எடை வயிற்றின் அடியில் இல்லாமல் உடலின் நடுவில் இருப்பது. மரத்துக்கு வார்னிஷ் பூசி உலர்ந்த பின், முட்களையும் வளையங்களையும் மாட்டி, எடையை ரப்பர் வளையத்தால் வயிற்றில் கட்டி ஒரு வாளித் தண்ணீரில் மிதக்க விடுங்கள். முதுகு மேலே நின்று, விரலால் சாய்த்து விட்டாலும் தானே நிமிர வேண்டும். நிமிரும் இடத்தைக் குறித்துக்கொண்ட பிறகே துளையிட்டு எடையைப் புதையுங்கள்.

இரண்டாவது, உதடு, அதாவது லூரின் வாயருகே முன்னோக்கி நீட்டி நிற்கும் தகடு, கோணலாக இருப்பது. உடலை உருட்டிச் செதுக்கிய பிறகு உதட்டுக்கு வெட்டு போட்டால் நேராக வருவது அரிது. கட்டை இன்னும் சதுரமாக இருக்கும்போதே நடுக்கோடு கிழித்து, அந்த வெட்டை முதலில் போட்டுவிடுங்கள். செதுக்குவதெல்லாம் அதற்குப் பிறகு. உதட்டுக்குப் பழைய குறுந்தகடு நன்றாக உதவும், அது 1.2 மில்லிமீட்டர் கனமுள்ள பாலிகார்பனேட்தான்.

கவிழாமல் ஒரு பக்கமாக மட்டும் ஒதுங்கி ஓடுகிறதென்றால் தூண்டில் நரம்பு கட்டும் மூக்கு வளையத்தைத் திருத்தினால் போதும். லூர் இடப்பக்கம் ஓடினால் வளையத்தை வலப்பக்கம், மயிரிழை அளவு வளையுங்கள். வளைத்து, இழுத்துப் பார்த்து, மறுபடி வளையுங்கள்.

கேள்வி: ஆழமாகப் போக உதட்டை எப்படி வைப்பது?

பதில்: நீளமாக, உடலோடு ஏறக்குறைய ஒரே கோட்டில். செங்குத்தாக வைத்தால் மேல்மட்டத்திலேயே ஓடும்.

கேள்வி: லூரின் மேல் பூசும் எபாக்சிப் பிசின் ஒரு பக்கம் வழிந்து தடித்துவிடுகிறது.

பதில்: இறுகும் வரை லூரைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும், மெல்லச் சுழலும் சிறு மோட்டாரில் பொருத்திவிட்டால் கை ஓயும். பிசின் தோலில் பட்டால் ஒவ்வாமை வரக்கூடும் என்பதால் கையுறை இன்றித் தொடாதீர்கள்.

கேள்வி: வண்ணம் தீட்ட எனக்கு வராது. அதனால் மீன் விலகிப் போகுமா?

பதில்: போகாது. ஆழம் கூடக்கூடச் சிவப்புதான் முதலில் மங்கும். நீங்கள் பாடுபட்டுத் தீட்டிய செவுள் கோடு சில மீட்டர் ஆழத்தில் வெறும் கருங்கோடாகிவிடும். முதுகு கருமையாகவும் வயிறு வெளிறியும் இருந்தால் தொடங்கப் போதும். 1936-இல் பின்லாந்து மீனவர் லவுரி ராபலா தக்கையில் செதுக்கிய தம் முதல் லூருக்குச் சாக்லேட் சுற்றிய பளபளப்புத் தாளை ஒட்டி, உருக்கிய புகைப்படச் சுருளை மேற்பூச்சாகப் பூசினார். அடிபட்ட சிறுமீனைப் போல அது தள்ளாடி நீந்த வேண்டும் என்பதில்தான் அவர் கவனமெல்லாம் இருந்தது. நீங்களும் வெறும் மரமாக இருக்கும்போதே நீந்த வைத்துப் பாருங்கள். சரியாக நீந்துவதற்கு மட்டும் வண்ணம் பூசுங்கள்.