உங்கள் முறை இல்லாத வாரத்தில் ஏன் எழுந்தீர்கள்?

கேள்வி: எனக்கு 37 வயது. காட்பாடி வீட்டிலிருந்தே பெங்களூரு கம்பெனி ஒன்றுக்கு வேலை செய்கிறேன். வாடிக்கையாளர் நியூயார்க்கில். நான்கு பேர் ஆளுக்கு ஒரு வாரம் ஆன்-கால் பார்க்கிறோம், அதாவது சிஸ்டத்தில் கோளாறு என்று போனில் அலர்ட் வந்தால் எந்நேரமும் எழுந்து சரிசெய்யும் முறை. என் முறை இல்லாத வாரத்திலும் ராத்திரி அலர்ட் வந்தால் எழுந்து பார்த்துவிடுவேன். புதுப் பையன் திணறுவான். தூக்கம் இல்லை, எதற்கெடுத்தாலும் எரிச்சல். அப்பாவுக்குச் சர்க்கரை. போன மாதம் ஷெல் கண் ஆஸ்பத்திரிக்குக்கூட மனைவிதான் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டு அழைத்துப்போனாள். வேலையை விட்டுவிடலாமா? தியானம் பழகினால் சரியாகுமா?

பதில்: தியானம் அப்புறம். "என் முறை இல்லாத வாரத்திலும்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே தம்பி, உங்கள் வியாதி அங்கேதான் இருக்கிறது.

நான்கு வாரத்தில் மூன்று வாரம் தூங்கச் சொல்லித்தான் கம்பெனி முறை போட்டிருக்கிறது. அந்தத் தூக்கத்தை நீங்களே கெடுத்துக்கொள்கிறீர்கள். பையனுக்கு உதவி என்று நினைக்கிறீர்கள். நடப்பது வேறு. நீங்கள் அக்னாலெட்ஜ் ("நான் பார்க்கிறேன்" என்ற பொத்தான்) அழுத்திய நொடியில் எஸ்கலேஷன், அதாவது அடுத்தடுத்த ஆளை எழுப்புவது, நின்றுவிடும். முறைக்காரர் புரண்டு படுப்பார். காலையில் அறிக்கையில் "ஆறு நிமிடத்தில் சரிசெய்யப்பட்டது" என்று இருக்கும். அதைப் பார்க்கிற மேனேஜருக்கு எந்தக் குறையும் தெரியாது. உபயோகமில்லாத அலர்ட் அப்படியே நீடிக்கும், பையனும் வேலை கற்க மாட்டான்.

ஆபீஸில் அடுத்தவர் முறையை நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள். வீட்டில் உங்கள் முறையை மனைவி எடுத்துக்கொள்கிறார். சர்க்கரை உள்ளவருக்கு வருடம் ஒரு முறையாவது கண்ணின் விழித்திரையைப் பார்க்க வேண்டும். அதற்குச் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும், வெளிச்சம் கூசும், தனியாகத் திரும்பி வர முடியாது. பெற்ற பிள்ளை காட்பாடியிலேயே இருக்க, அப்பா மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். மருமகள் செய்வது பெரிய காரியம். ஆனாலும் அது மகனுடைய கடமை. பையன் திணறுவான் என்று கவலைப்பட்ட உங்களுக்கு, மனைவியின் லீவு எத்தனை மிச்சம் என்று தெரியுமா? இன்றைக்கே கேளுங்கள்.

இனி வேலைக்கு வருவோம். அலர்ட் கருவி பொதுவாக முறைக்காரரின் போனைத்தான் அடிக்கும். உங்களுக்குக் கேட்பது பெரும்பாலும் டீம் சாட்டில் வந்து விழும் அதன் நகலாக இருக்கும். அந்தச் சாட்டை மியூட் செய்யுங்கள். ஆண்ட்ராய்டு போனில் கம்பெனி ஒர்க் புரொஃபைல் (ஆபீஸ் ஆப்களுக்கென்று தனிப் பகுதி) போட்டுக்கொடுத்திருந்தால் ஒரே சுவிட்சில் ஆபீஸ் ஆப்கள் எல்லாம் நின்றுவிடும். போன் கூடத்தில் சார்ஜ் ஆகட்டும், எழுப்புவதற்கு ஒரு கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள். நிஜமான அவசரம் வந்தால் என்ன செய்வது என்பீர்கள். போனின் "தொந்தரவு செய்யாதே" அமைப்பில் குடும்பத்தார் எண்களுக்கும் மேனேஜர் எண்ணுக்கும் விலக்குக் கொடுங்கள். ஆண்ட்ராய்டில் 15 நிமிடத்துக்குள் அதே எண் மறுபடி அழைத்தால் மணி அடிக்கவும் அதில் வழி இருக்கிறது.

பையனுக்கு நீங்கள் செய்யவேண்டியது ரன்புக், அதாவது கோளாறு வந்தால் என்ன செய்வது என்ற குறிப்பேடு. அடிக்கடி வரும் ஐந்து அலர்ட்டுக்கும் தலா ஒரு பக்கம் எழுதுங்கள்: அலர்ட் எதைச் சொல்கிறது, முதலில் எந்த லாக்கை (சர்வர் பதிவை) பார்ப்பது, எந்த சர்வரை ரீஸ்டார்ட் செய்யலாம், எதைத் தொடவே கூடாது, எத்தனை நிமிடம் கழித்து யாரை எழுப்புவது. உங்கள் அடுத்த முறையில் பகல் அலர்ட்டை அவன் கையில் கொடுத்துப் போனில் கூடவே இருங்கள். பத்து நிமிடத்தில் அவன் எடுக்காவிட்டால் இரண்டாம் ஆளுக்குப் போகும்படி அமையுங்கள். முதல் வாரத்தில் ஒன்றிரண்டு அப்படிப் போகும், போகட்டும். நீங்கள் எழக்கூடாது.

அப்புறம் மூன்று மாத அலர்ட் பட்டியலை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போங்கள். ராத்திரி எழுந்து பார்த்தும் செய்ய ஒன்றுமில்லாத அலர்ட் எல்லாம் பகல் டிக்கெட்டாக (பகலில் பார்த்துக்கொள்ளும் வேலைக் குறிப்பாக) மாறவேண்டும். டிஸ்க் 80 சதவீதம் நிரம்பியதற்கு இரண்டு மணிக்கு மனிதனை எழுப்புவது அநியாயம். கூகுளில் சர்வீஸ்கள் நிற்காமல் பார்த்துக்கொள்ளும் எஸ்ஆர்இ அணிகளே 12 மணி நேர ஷிப்டுக்கு இரண்டு சம்பவத்துக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்துக்கொண்டவை. உங்கள் கணக்கை அதன் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

மீட்டிங் நேரத்தையும் பேசுங்கள். நியூயார்க்கின் காலை 10 மணி நமக்கு இரவு 7.30. நவம்பர் மாதத்தின் முதல் ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்தபின் 8.30 ஆகிவிடும், வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்காரும் நேரம். அவர்களுடைய காலை 8.30க்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள். குளிர்காலத்திலும் நம் இரவு 7 மணிக்கே தொடங்கிவிடலாம்.

வேலையை விடுவதா? இதையெல்லாம் செய்யாமல் விட்டால் அடுத்த கம்பெனியிலும் போனைக் காதருகே வைத்துத்தான் படுப்பீர்கள். பிரான்ஸில் 2017 முதல் வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டிக்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. நமக்கு அப்படியொரு சட்டம் இல்லை. அதனால் பட்டியலோடு போய்க் கேளுங்கள். மூன்று மாதம் பொறுத்தும் மேனேஜர் ஒரு அலர்ட்டைக்கூடக் குறைக்கவில்லை என்றால் அப்போது வேறு இடம் தேடுங்கள். அங்கே நேர்காணலில் சம்பளத்துக்கு முன்னால், ஆன்-கால் எத்தனை பேர், ராத்திரி எத்தனை முறை அடிக்கும் என்று கேளுங்கள்.