லடாக்கில் விழுந்த முதுகு: 'பணிக்குச் சம்பந்தமில்லை' என்று எழுதிவிட்டால் அவ்வளவுதானா?

கேள்வி: நான் 1995-ல் ராணுவத்தில் சேர்ந்து, 24 வருடச் சேவை முடித்து, 2019 செப்டம்பரில் ஹவில்தாராக ஓய்வு பெற்றேன். 2009 குளிர்காலத்தில் கிழக்கு லடாக்கில் லாரியிலிருந்து ரேஷன் இறக்கும்போது பனியில் சறுக்கி விழுந்தேன். முதலில் ஃபீல்டு ஆஸ்பத்திரி, பிறகு சண்டிகர் கமாண்ட் ஆஸ்பத்திரி. முதுகெலும்பில் வட்டு பிதுங்கியிருப்பதாகச் சொல்லி லோ மெடிக்கல் கேட்டகரியில், அதாவது முழு உடல்தகுதி இல்லாதவர்கள் பட்டியலில், போட்டார்கள். அதோடுதான் மீதி 10 வருடமும் வேலை பார்த்தேன். இரண்டு வருட நீட்டிப்பு கேட்டேன். கேட்டகரியைக் காட்டி மறுத்துவிட்டார்கள். ஓய்வின்போது மெடிக்கல் போர்டு 30 சதவீத ஊனம், ஆயுள் முழுக்க என்று எழுதியது. ஆனால் டிசபிலிட்டி பென்ஷன் கிடையாது என்று ரெக்கார்டு ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. அப்பீல் செய்யலாம் என்று அதில் இருந்ததை நான் கவனிக்கவில்லை. சாதாரண பென்ஷன் வருகிறது. இப்போது இடது கால் மரத்துப்போகிறது. இத்தனை வருடம் கழித்துக் கேட்டால் கருணை காட்டுவார்களா? காயம்பட்டதற்கான பேப்பர் எதுவும் என்னிடம் இல்லை. ஒருவர், வரும் அரியரில் 30 சதவீதம் கொடுத்தால் வாங்கித் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: முதலில் அந்தக் 'கருணை' என்ற வார்த்தையை விட்டுவிடுங்கள். மனுவில் தப்பித்தவறியும் எழுதிவிடாதீர்கள். சேரும்போது உங்களை அக்குவேறு ஆணிவேறாகப் பரிசோதித்து, உடம்பில் குறையில்லை என்று எழுதித்தான் எடுத்தார்கள். திருப்பி அனுப்பும்போது 30 சதவீதம் குறை என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். இடையில் நடந்தது அவர்களிடம் நீங்கள் பார்த்த வேலை. சட்டம் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறது. நீங்கள் கேட்கப்போவது உங்களுக்குச் சேர வேண்டியதை.

காலம் கடந்துவிட்டதா என்றால், இல்லை. ஆனால் இனி தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் உங்கள் பணம் போகும். அது எப்படி என்று பிறகு சொல்கிறேன். அதற்கு முன், உங்களுக்கு ஏன் மறுத்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

ஓய்வு பெறும்போது நடந்தது ரிலீஸ் மெடிக்கல் போர்டு. அதன் படிவம் ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-16. ஊனம் எத்தனை சதவீதம் என்பதற்கு அதில் ஒரு இடம் உண்டு. அது பணியால் வந்ததா, பணியால் மோசமானதா என்பதற்குத் தனி இடம் உண்டு. பென்ஷன் கிடைக்க இரண்டும் வேண்டும்: 20 சதவீதத்துக்குக் குறையாத ஊனம், பணியோடு தொடர்பு. முதலாவது உங்களிடம் இருக்கிறது. இரண்டாவதற்கான இடத்தில் 'பணியால் வந்ததும் அல்ல, பணியால் மோசமானதும் அல்ல' என்று எழுதியிருப்பார்கள். ராணுவத்தில் இதை, ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து, 'நானா' என்பார்கள், உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த ஒரு வரியை வைத்துத்தான் ரெக்கார்டு ஆபீஸ் உங்கள் பென்ஷனை மறுத்திருக்கிறது.

வட்டு பிதுக்கத்தில் இது அடிக்கடி நடக்கிறது. வயதானால் வரும் தேய்மானம், உடல்வாகு என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். 2009-ல் நீங்கள் விழுந்த கதையே அந்தப் பக்கத்தில் இருக்காது. அதனால் உங்கள் வழக்கை இரண்டு காலில் நிறுத்த வேண்டும்.

ஒன்று, இது காயம். பனிப்பகுதியில், பணி நேரத்தில், ரேஷன் இறக்கும் வேலையில் விழுந்திருக்கிறீர்கள். லீவில் வீட்டில் இருக்கும்போது பைக்கில் விழுந்தவர்கள் இந்த இடத்தில்தான் தோற்கிறார்கள். காயத்துக்கும் பணிக்கும் காரணத் தொடர்பு வேண்டும் என்று 2011-ல் ஜுஜார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. லீவுக்குப் போகும், திரும்பும் வழியில் ராணுவம் தரும் பயண வாரண்டில் பயணம் செய்தால்கூட அது பணிக்கணக்கு. உங்களுக்கு அந்தச் சிக்கலே இல்லை.

இரண்டு, ஒருவேளை இது நோய் என்றே அவர்கள் பிடிவாதம் பிடித்தால், தரம்வீர் சிங் வழக்கில் 2013-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. சேரும்போது மருத்துவப் பதிவில் இல்லாத நோய் பணிக்காலத்தில் வந்தால் அது பணியால் வந்தது என்றே கொள்ள வேண்டும், இல்லை என்று காட்ட வேண்டியது அரசு, சேரும்போது ஏன் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதற்குப் போர்டு காரணம் எழுத வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. அது, யாருக்கு இந்தப் பென்ஷன் என்று சொல்லும் 1982 விதிகளை வைத்து வந்தது. நீங்கள் ஓய்வு பெற்றது 2008 விதிகள் நடப்பில் இருந்தபோது, அவை கொஞ்சம் இறுக்கமானவை என்று அரசு வக்கீல் கட்டாயம் வாதிடுவார். அதற்கும் பதில் உண்டு. 2008 விதிகளிலும், சாதாரணமாகக் கோருபவரிடம் நிரூபிக்கச் சொல்வதில்லை என்றுதான் இருக்கிறது. ஓய்வு பெற்று 15 வருடம் கழித்துக் கேட்டால்தான் நிரூபிக்கும் பொறுப்பு கோருபவர் தலையில் வரும். உங்களுக்கு அந்த 15 வருடம் ஆகவில்லை.

இந்த அனுமானத்தை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். போர்டு நல்ல மருத்துவக் காரணம் எழுதியிருந்த சில வழக்குகளில் நீதிமன்றங்கள் அதை ஏற்று மறுத்தும் இருக்கின்றன. பேப்பர் இருந்தால் இந்த வாதமே தேவைப்படாது. ஆகவே பேப்பருக்கு வருவோம்.

உங்களிடம் இல்லை என்றால் எங்குமே இல்லை என்று அர்த்தமில்லை. நீங்கள் விழுந்தபோது யூனிட் எழுதியிருக்க வேண்டியது ஐ.ஏ.எஃப்.ஒய்-2006 என்ற காய அறிக்கை. கமாண்டிங் ஆபீசர் அதில் 'பணியில் இருந்தாரா' என்பதற்குப் பதில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பார். அது எழுதப்படாமலே போயிருந்தாலும், லோ மெடிக்கல் கேட்டகரியில் போட்டதற்கான ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-15 போர்டு பேப்பர்கள் இருக்கும். ஒவ்வொரு மறுபரிசீலனைக்கும் ஒன்று. 2009, 2010-ல் எழுதியவைதான் முக்கியம். அப்போது பென்ஷன் பேச்சே இல்லை. டாக்டர் நடந்ததை நடந்தபடி எழுதியிருப்பார். ஓய்வுக்கு முந்தைய மாதம் எழுதியதைவிட நீதிபதிகள் அதைத்தான் நம்புவார்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு முன்னாள் நாயக் என்னிடம் வந்தார். உங்களைப் போலவே 'ஒன்றுமில்லை சார்' என்றார். கிளம்பும்போது, மருந்துச் சீட்டு வைத்திருந்த பிளாஸ்டிக் கவரைத் தற்செயலாக மேசையில் வைத்தார். உள்ளே நான்காக மடித்து, மடிப்பில் கிழிந்துபோன ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டு. நோயின் பெயருக்குக் கீழே பென்சிலில் ஒரு வரி: த்ரீ டன் வண்டியிலிருந்து இறக்கும்போது விழுந்தார். யாரோ நர்சிங் அசிஸ்டென்ட் எழுதியது. அந்த ஒரு வரியைத்தான், படைவீரர் வழக்குகளை விசாரிக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் திரும்பத் திரும்பப் படித்தேன். அவருக்குக் கிடைத்தது. அதனால் வீட்டு டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடுங்கள். டிஸ்சார்ஜ் புக், பழைய எக்ஸ்ரே உறை, எதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அப்புறம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் உங்கள் ரெக்கார்டு ஆபீசின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு. கட்டணம் 10 ரூபாய். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டன், மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் என்றால் பெங்களூரு; உங்கள் ரெக்கார்டு ஆபீஸ் எதுவோ அதற்கு. ரெஜிமென்ட் எண், ரேங்க், பெயர் எழுதி, சேரும்போது நடந்த மருத்துவப் பரிசோதனைப் பதிவு, காய அறிக்கை, எல்லாக் கேட்டகரி போர்டுகளும், ரிலீஸ் போர்டு முழுவதும், பென்ஷனை மறுத்த கடிதம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். 'என் எல்லாப் பேப்பரும்' என்று கேட்டால் பாதிதான் வரும். 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யலாம். கூடவே, அன்று உங்களோடு ரேஷன் இறக்கியவர்களில் இருவரைத் தேடிப் பிடியுங்கள். அவர்கள் தரும் பிரமாண வாக்குமூலத்தில் தேதி, இடம், என்ன வேலை, யார் தூக்கிக்கொண்டு போனது என்பதெல்லாம் இருக்க வேண்டும். உங்களைப் பற்றிய பாராட்டு வேண்டாம்.

இப்போது காலதாமதம். பென்ஷன் மறுப்புக்கு எதிரான முதல் அப்பீலை 6 மாதத்துக்குள் போட்டிருக்க வேண்டும். அது போய்விட்டது. ஆனாலும் தாமதத்துக்கான காரணத்தை எழுதி இப்போது அனுப்புங்கள். படிப்பு, உடல்நிலை, யாரும் விளக்காதது என்று உண்மையான காரணம் போதும். ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டம் 2007-ன் 21-வது பிரிவு, துறைக்குள் இருக்கும் வழிகளை முடிக்காமல் வந்தால் சாதாரணமாக மனுவை எடுக்க வேண்டாம் என்கிறது. அப்பீல் போட்டு 6 மாதம் பதில் இல்லையென்றால் அந்தக் கதவு திறந்துவிடும். தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சென்னையிலேயே தீர்ப்பாயத்தின் அமர்வு இருக்கிறது, டெல்லி போக வேண்டியதில்லை.

தாமதத்தைக் காட்டி ஒரேயடியாகத் தள்ளிவிடுவார்களா? மாட்டார்கள். பென்ஷன் ஒவ்வொரு மாதமும் தர வேண்டியது. தராத ஒவ்வொரு மாதமும் புதிதாக ஒரு தவறு. 2008-ல் தர்செம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டு, ஒரு எல்லையும் போட்டது: பழைய பாக்கி, மனு போட்ட தேதிக்கு முந்தைய 3 வருடத்துக்கு மட்டும். மேலே சொன்னது இதைத்தான். 2019-லிருந்து வந்திருக்க வேண்டிய பணத்தில் ஒரு பகுதி ஏற்கெனவே போய்விட்டது. அடுத்த மாதம் மனு போட்டால் இன்னும் ஒரு மாதம் போகும். வலி கூடட்டும், பையன் பரீட்சை முடியட்டும் என்று பலர் காத்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை.

தொகை எவ்வளவு என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். 100 சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பது கணக்கு. கடைசிச் சம்பளம் 50,000 என்று வைத்துக்கொண்டால் 100 சதவீதத்துக்கு 15,000. உங்கள் 30 சதவீதத்துக்கு 4,500. இங்கே நிறுத்திவிடாதீர்கள். 50-க்குக் கீழே இருந்தால் 50 ஆகவும், 50 முதல் 75 வரை 75 ஆகவும், அதற்கு மேல் 100 ஆகவும் உயர்த்திக் கணக்கிடும் முறை ஒன்று உண்டு. சேவைக்காலம் முடிந்து சாதாரணமாக ஓய்வு பெற்றவர்களுக்கும் அது உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவ்தார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்படியானால் 4,500 அல்ல, 7,500. இதற்கு மேல் அகவிலைப்படியும் சேரும். இப்போது வரும் பென்ஷன் அப்படியே இருக்கும். இது அதற்கு மேல். இந்த உயர்வைத் தாமாகத் தருவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள், தீர்ப்பாய மனுவில் தனிக் கோரிக்கையாகவே எழுதச் சொல்லுங்கள். 20 சதவீதத்துக்குக் கீழ் என்று போர்டு எழுதியவர்களுக்கு இந்த உயர்வு உதவாது. அதுவும் 2019-ல் தீர்ப்பாகிவிட்டது.

புது விதி வந்துவிட்டது, இனிமேல் கிடையாது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அந்த விதிகள் 2023 செப்டம்பர் 21 முதல் நடப்புக்கு வந்தவை. நீங்கள் 2019-ல் வெளியே வந்தவர்.

கடைசியாக அந்த 30 சதவீதக்காரர். கொடுக்காதீர்கள். அவர் வக்கீல் என்றால், வழக்கின் முடிவை வைத்துக் கட்டணம் பேசுவதும் கிடைக்கும் பணத்தில் பங்கு கேட்பதும் பார் கவுன்சில் விதிப்படி தவறு. வக்கீல் இல்லை என்றால் தீர்ப்பாயத்தில் உங்களுக்காகப் பேசவே முடியாது. பென்ஷன் சட்டம் 1871, வரப்போகும் பென்ஷனை முன்கூட்டியே எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. இருந்தும், ஏற்கெனவே ஏதாவது வெற்றுப் பத்திரத்தில், செக்கில் கையெழுத்துப் போட்டிருந்தால் இப்போதே சொல்லுங்கள். ஸ்பர்ஷ் என்ற பென்ஷன் இணையதளத்தின் பாஸ்வேர்டு, ஓடிபி எதையும் யாரிடமும் தராதீர்கள்.

வக்கீல் செலவு பாரமாக இருந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். படைவீரர் குடும்பங்களுக்கு அந்த அலுவலகங்கள் வழியாகச் சட்ட உதவி தர, தேசிய சட்டப் பணிகள் ஆணையம் 2025 ஜூலையில் வீர் பரிவார் சகாயதா யோஜனா என்ற திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது. தீர்ப்பாயத்தில் நீங்களே நேரில் வாதாடவும் சட்டம் அனுமதிக்கிறது; ஆனால் இந்த வழக்கில் மருத்துவச் சொற்களோடு மல்லுக்கட்ட வேண்டியிருப்பதால் வக்கீல் இருப்பது நல்லது.

கால் மரத்துப்போவதைத் தள்ளிப்போடாமல் முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்கில் காட்டி, புது எம்.ஆர்.ஐ. எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அது முதலில் உங்கள் உடம்புக்காக. வழக்குக்கும் உதவும்.

தகவல் மனுவை இந்த வாரமே பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ரிலீஸ் போர்டின் நகல் வந்ததும், பணியோடு தொடர்பு இல்லை என்று எழுதிய கட்டத்துக்கு நேரே போர்டு என்ன காரணம் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அந்த வரியை ஒரு எழுத்துப் பிசகாமல் எனக்கு எழுதி அனுப்புங்கள். மனுவை அங்கிருந்து தொடங்கலாம்.