கழற்றிப் போட்ட காருக்கு என்ன விலை?

பரந்தன் பக்கம் நான் கராஜ் வைத்திருந்த காலத்தில் வந்த பழைய கார்களில் பாதி தாமாக ஓடி வந்தன. மீதியைக் கழற்றிய நிலையில், லான்ட்மாஸ்டர் என்ற இருசில்லு உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். இப்போது எல்லோரும் கேட்பது அந்த இரண்டாவது வகையைப் பற்றித்தான். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

புதுக்குடியிருப்பிலிருந்து: ஐயா, எங்களிடம் 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000 இருக்கிறது. திருத்துவதற்காக அப்பா முழுவதும் கழற்றினார், முடிப்பதற்குள் காலமாகிவிட்டார். இதுவரை நான்கு இலட்சம் செலவாகியிருக்கிறது. ஐந்து இலட்சம் கேட்கலாமா?

தம்பி, அந்த நான்கு இலட்சத்தை முதலில் மறந்துவிடுங்கள். உங்கள் செலவுக்கு வாங்குபவர் பொறுப்பில்லை. கணக்கை மறுமுனையிலிருந்து தொடங்க வேண்டும். இதே ஆண்டு, இதே மாதிரிக் கார், ஓடுகிற நிலையில் என்ன விலைக்குக் கைமாறுகிறது என்று விசாரியுங்கள். விளம்பரத்தில் கேட்கிற விலை வேண்டாம்; கடைசியில் எண்ணிக் கொடுத்த விலை வேண்டும். ஒரு பேச்சுக்கு அது 15 இலட்சம் என்று வைத்துக்கொள்வோம். டிங்கர் வேலைக்கும் (தகரவேலை) பெயின்டுக்கும் மூன்றரை இலட்சம், எஞ்சினுக்கு இரண்டு, இருக்கை, றப்பர், கண்ணாடிக்கு ஒன்றரை, பிரேக்குக்கும் வயரிங்குக்கும் ஒன்று, காணாமல் போன சாமான்களுக்கு எண்பதாயிரம். மொத்தம் 8 இலட்சத்து 80 ஆயிரம். கழித்தால் 6 இலட்சத்து 20 ஆயிரம் மிஞ்சும்.

இத்துடன் நின்றுவிடுகிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள். வேலைச் செலவில் மூன்றில் ஒரு பங்கையாவது எதிர்பாராத செலவுக்கென்று நான் இன்னும் கழிப்பேன். நிற்கிற காரைத் தள்ளிப் பார்க்கலாம், கதவைத் திறந்து மூடிப் பார்க்கலாம், கிளச்சை மிதித்துப் பார்க்கலாம். சாக்குக்குள் கிடக்கிற கியர்பெட்டி இரண்டாம் கியரில் கத்துமா கத்தாதா என்று யார் சொல்வது? அந்தப் பயத்துக்கும் ஒரு விலை உண்டு. அதைக் கழித்தால் கையில் நிற்பது சுமார் 3 இலட்சத்து 30 ஆயிரம். நான் போட்ட தொகைகளை விட்டுவிட்டு உங்கள் ஊர் விலைகளைப் போட்டுப் பாருங்கள், வழி இதுதான்.

விலையைக் கொஞ்சம் உயர்த்த வேண்டுமானால், விற்பதற்கு முன் நான்கு சில்லையும் பூட்டி, ஸ்டியரிங்கையும் பொருத்தி, உருட்டக்கூடிய நிலைக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு நாள் வேலை. ஏற்றிப் போக லொறியும் ஆறு ஆட்களும் தேவைப்படுகிற காரை விட, இழுத்துப் போகக்கூடிய கார் எப்போதும் கூட விலை போகும்.

மல்லாவியிலிருந்து: எங்கள் மைனர் பொருளாதாரத் தடைக்காலம் முழுவதும் மண்ணெண்ணெயில் ஓடியது. எஞ்சின் பெறுமதி இல்லை என்று வாங்க வந்தவர் விலையை அடிக்கிறார். உண்மையா?

பாதி உண்மை. தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாத வன்னியில் நாங்கள் எல்லோரும் செய்ததுதான் அது: நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. மண்ணெண்ணெய் முழுதாக ஆவியாகி எரிவதில்லை. எரியாமல் மிஞ்சுவது சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு ரிங்கைத் தாண்டி ஒயில் தொட்டிக்குள் இறங்கும். ஒயில் நீர்த்துப் போனால் சிலிண்டரும் தேயும், கிராங்க் பெயரிங்கும் தேயும். போதாததற்கு எஞ்சின் தட்டும் சத்தம் வேறு. ஓரளவுக்கு அதைத் தாங்கியவை அழுத்த விகிதம் குறைந்த எஞ்சின்கள். மைனர் 1000இன் 948 சிசி எஞ்சின் 7.2க்கு 1 என்ற விகிதத்திலும் வந்தது.

ஆனால் எல்லா எஞ்சினும் செத்துவிடவில்லை. ஹெட் கழற்றித்தானே இருக்கிறது? பிஸ்டனின் தலையில் படிந்திருக்கும் கரியைத் துணியால் துடைத்துப் பாருங்கள். 20, 30, 40, 60 என்று ஏதாவது பொறித்திருந்தால், ஏற்கெனவே ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் அத்தனை பங்கு போர் எடுத்து, அதாவது சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கி, பெரிய பிஸ்டன் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். எண் இல்லாவிட்டாலோ 20 என்று இருந்தாலோ நெஞ்சை நிமிர்த்திப் பேரம் பேசலாம்; இன்னும் போர் எடுக்க இடம் இருக்கிறது. 60 என்று இருந்தால் வந்தவர் சொல்வதுதான் சரி. இனி ஸ்லீவ் அடிக்க வேண்டும், அதாவது சிலிண்டருக்குள் புதுக் குழாய் இறக்க வேண்டும். அந்தச் செலவை அவர் கழிக்கத்தான் செய்வார்.

ஸ்காபரோவிலிருந்து: அண்ணை, கிளிநொச்சியில் எங்கள் வளவில் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஏ55 ஒன்று கழற்றியபடி கிடக்கிறது. 2009 இடப்பெயர்வில் பதிவுப் புத்தகம் தொலைந்துவிட்டது. காரின் சொந்தக்காரரான பெரியப்பாவும் இல்லை. விற்க முடியுமா?

விற்கலாம், ஆனால் இன்றைய நிலையில் அது கார் இல்லை, சாமான் குவியல். பதிவுப் புத்தகம் இல்லாத வண்டியை நான் உதிரிப்பாக விலைக்கு மேல் மதிப்பதில்லை. பாகங்களை எங்காவது தேடிப் பிடித்துவிடலாம், பதிவைக் கடையில் வாங்க முடியாது. முதலில் செசி இலக்கத் தகடு (காரின் உடலுக்குரிய எண் பொறித்தது) இருக்கிறதா என்று வளவில் உள்ளவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு பதிவு எண்ணை வைத்து மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் இணைப்பிரதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். பொலிஸ் முறைப்பாடு தேவைப்படும். பெரியப்பாவின் இறப்புச் சான்றிதழும் வாரிசுரிமை ஆவணங்களும் இல்லாமல் பெயர் மாறாது. இவ்வளவையும் அங்கிருந்துகொண்டு செய்ய வேண்டுமா என்று யோசிப்பீர்கள். செய்யுங்கள். நீங்கள் இரும்பில் போடக்கூடிய எந்தச் செலவையும் விட இந்தக் காகிதச் செலவுதான் அதிகம் திருப்பித் தரும்.

வெற்றுப் பெயர்மாற்றப் படிவத்தில் கையெழுத்து வைத்துத் தந்தால் போதும் என்று யாராவது சொன்னால், அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

நெடுங்கேணியிலிருந்து: விற்பதற்கு முன் பொடிக்கு (காரின் உடலுக்கு) பெயின்ட் அடித்தால் விலை கூடுமா?

குறையும். புதுப் பெயின்டுக்கு அடியில் எதை மறைத்திருக்கிறீர்கள் என்றுதான் யோசிப்பார்கள்.

மாங்குளத்திலிருந்து: முழுதாக விற்பதா, பிரித்து விற்பதா?

மைனர் என்றால், புத்தகம் இருக்கும்வரை முழுதாக. மொத்தம் சுமார் 16 இலட்சம் மைனர்கள் செய்யப்பட்டன. அதனால் பாகங்களுக்குப் பஞ்சமில்லை, ஒவ்வொன்றுக்கும் பெரிய விலையும் இல்லை. அதன் தகரப் பாகங்களை நம் நாட்டிலேயே அடித்து இங்கிலாந்துக்கு அனுப்பிய காலமும் உண்டு. பிரித்து விற்றால் ஹெட்லைட் வளையம், கார்பரேட்டர், மீற்றர் எல்லாம் முதல் வாரத்தில் போய்விடும். ஓட்டை விழுந்த பொடி மட்டும் கோழி அடைவதற்கு மிஞ்சும். அரிதான மாதிரி என்றால் கணக்கு வேறு.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு கேட்ட விலைகளை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறவர்களுக்கும் ஒரு சொல்: 2025 பெப்ரவரியிலிருந்து தனியார் கார்கள் மறுபடியும் வருகின்றன. ஓடவேண்டும் என்பதற்காக மட்டும் பழைய கார் வாங்கியவர்கள் இனி உங்கள் படலைக்கு வரமாட்டார்கள்.

வவுனியா, குருமன்காட்டிலிருந்து: நான் கழற்றிய மைனர் ஒன்றை வாங்கப்போகிறவன். எட்டுப் பெட்டி சாமான் இருக்கிறதாம். என்ன பார்க்க வேண்டும்?

கழற்றியவரின் கையைப் பாருங்கள். நான் சொல்வது பெட்டிகளில் தெரிகிற கையை. ஒருமுறை முறிகண்டிப் பக்கம் ஒரு வண்டி பார்க்கப் போனேன். பால்மா டின்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒட்டுத்துண்டு: ‘முன் இடது பிரேக்’, ‘வோட்டர் பம்ப்’, ‘கதவுப் பிணைச்சல்’. நட்டுகள் அதே போல்ட்டில் திரும்ப முறுக்கிப் போடப்பட்டு, துரு பிடிக்காமல் கிறீஸ் பூசியிருந்தன. கேட்ட விலையில் பெரிதாகக் குறைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்னொரு இடத்தில் எல்லா ஆணியும் ஒரே உரப்பையில். அதில் மில்லிமீற்றர் போல்ட்டுகளும் கலந்திருந்தன. மைனரில் பெரும்பாலும் அங்குல அளவு மரைதான். மில்லிமீற்றர் போல்ட்டைத் திணித்து முறுக்கியிருந்தால் மரை போயிருக்கும்.

கிராங்க் தண்டைத் தாங்குகிற மெயின் பெயரிங் மூடிகளில் எண் குறித்திருக்கிறதா என்று பாருங்கள். அவை பிளாக்கோடு சேர்த்துக் கடையப்பட்டவை. இடம் மாறினால் கிராங்க் இறுகும். வில்லாக வேலை செய்கிற முன்பக்க முறுக்குக் கம்பிகள் (டோர்ஷன் பார்கள்) இரண்டும் எது இடது, எது வலது என்று தெரிய வேண்டும். ஓடிப் பழகியபின் பக்கம் மாற்றிப் போடக்கூடாது. கடைசியாக எஞ்சின் இலக்கத்தைப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள்.

முழங்காவிலிலிருந்து: மைனர் டிரவலர். பின்புற மரச்சட்டத்தைக் கறையான் அரித்துவிட்டது. அழகுக்குத்தானே மரம்?

இல்லை, பிள்ளை. பின்பாதியைத் தாங்குவதே அந்த ஆஷ் மரச்சட்டம்தான். நல்ல தச்சர் இருந்தால் அவரிடம் மதிப்பீடு வாங்கி, அதை அப்படியே விலையில் கழியுங்கள்.

முல்லைத்தீவிலிருந்து: பின்கதவில் செல் (எறிகணை) துண்டு பட்ட மூன்று ஓட்டைகள் இருக்கின்றன. அடைத்துவிட்டு விற்பதா?

அடைக்காமல், பக்கத்தில் நின்று படம் எடுத்து அதையும் சேர்த்தே காட்டுங்கள். புட்டி அப்பினால் வாங்க வருகிறவரின் சட்டைப் பையில் இருக்கிற காந்தம் காட்டிக்கொடுத்துவிடும். அதன்பின் நீங்கள் சொல்கிற எதையும் நம்பமாட்டார். வேலை என்று பார்த்தால் அது சின்னத் தகரவேலை, விலையில் பெரிய வித்தியாசம் வராது. அப்படிப்பட்ட கதவோடு என்னிடம் வந்த ஒருவர் அடைக்க விடவில்லை. மழைத்தண்ணீர் இறங்காமல் உட்பக்கம் மட்டும் தகடு வைக்கச் சொன்னார். அரைநாள் கூலி வாங்கினேன்.